கொதிநீர்க் கிருமியும் எங்கள் மேடமும்

எங்கள் தீவன ஆலையின் ஆய்வகத்தில் மேடம் முதன்முதலாக அந்தக் கண்ணாடிக் குப்பியைத் திறந்த காலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தடித்த ரப்பர் மூடியில் ஊசியைச் செருகி, உள்ளே அடைபட்டிருந்த காற்றை மெல்ல வெளியே விட்டார். அடுத்த கணம் அழுகிய முட்டை நாற்றம் அறை முழுவதும் பரவியது. நாமக்கல் பக்கத்தில் அந்த நாற்றத்துக்கு ஒரே பொருள்தான். வாசலில் இருந்த காவலாளி விளக்குமாறும் வாளியுமாக ஓடி வந்து, "எங்கீங்க உடைஞ்சுது? எத்தனை முட்டை அட்டைங்க போச்சு?" என்று மேசைக்கடியில் குனிந்து தேடினார். மேடம் முகக்கவசத்துக்குள் சிரித்தபடி, "முட்டை இல்லண்ணே. கடலுக்கு அடியில இருந்து வந்த வாசனை இது" என்றார். அவர் நம்பவில்லை. "நான் ராமேசுவரத்துல முங்கியிருக்கறனுங்க. அங்க இப்படி அடிக்கலீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் முங்கிய கடல் வேறு, மேடம் சொன்ன கடல் வேறு. இந்தியப் பெருங்கடலின் நடுவே, கரையிலிருந்து கப்பலில் பல நாள் தொலைவில், வெளிச்சம் ஒருபோதும் எட்டாத ஆழத்தில் ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. அதன் பிளவுகளில் புகைபோக்கிகளைப் போலக் கல்தூண்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வாயிலிருந்து கந்தகமும் உலோகமும் கரைந்த கரிய வெந்நீர் பீறிட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே அழுத்தும் தண்ணீரின் பாரத்தில் அது ஆவியாகக்கூட முடியாமல், நம் அடுப்பில் கொதிக்கும் நீரைவிடப் பல மடங்கு சூட்டிலும் நீராகவே இருக்கிறது. அந்தத் தூண்களின் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. வெயில் இல்லை, காற்று இல்லை. கந்தகத்தைத் தின்று வாழ்கின்றன. மேடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு கப்பலில் அங்கே போனவர். எந்திரக் கை பிடுங்கி வந்த உள்ளங்கையளவு கல்லிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்து வளர்த்தவர். எந்தத் தீனியில் அது பெருகும், எந்தச் சூட்டில் சோர்ந்துவிடும் என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சில வருடங்கள் ஆயின. "நமக்கு மூச்சுக் குடுக்கிற காத்து அதுக்கு விஷம். அதான் இப்படி அடைச்சு வச்சிருக்கேன்" என்று அன்று எனக்கு விளக்கினார்.

மேடம் தூத்துக்குடிப் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊரில் பிறந்தவர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஒப்பந்த வேலைகளில் ஓரிரு வருடங்கள் ஓடி, அதுவும் முடிந்து, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்திருந்த நேரத்தில் கோயம்புத்தூரில் நடந்த ஒரு கண்காட்சியில் எங்கள் முதலாளி அவரைப் பார்த்தார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அய்யா என்போம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் ஒரே ஒரு கோழிக் கொட்டகையோடு தொடங்கியவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பண்ணைகளும் இந்தத் தீவன ஆலையும் அவருடையவை. கறிக்கோழிக்கான தீவனத்தை நீராவியில் வேகவைத்து, அச்சில் அழுத்திக் குச்சிகுச்சியாக எடுப்போம். கோழிக்குச் சோளம் நன்றாகச் செரிக்க வேண்டுமென்று தீவனத்தில் நொதி சேர்ப்பது வழக்கம். ஆனால் நீராவிச் சூட்டில் அந்த நொதியில் பெரும்பகுதி செத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொட்டியதெல்லாம் மிஷினுக்குள்ளேயே பாழாகிறதே என்பது அய்யாவின் நெடுநாள் வயிற்றெரிச்சல். கண்காட்சியில் மேடத்தின் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு அவர் கேட்டாராம்: "ஏனுங்க அம்மிணி, இது கொதிக்கிற தண்ணியில சாகாதுன்னா, எங்க மிஷின்லயும் சாகாதுங்களா?"

அந்தக் கேள்விக்காகத்தான் வந்தேன் என்று மேடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பல வருடங்களாக அவரிடம் எல்லோரும் எத்தனை கட்டுரை எழுதினீர்கள் என்றுதான் கேட்டார்களாம். அந்த உயிரை வைத்து என்ன செய்யலாம் என்று முதலில் கேட்டவர் அய்யா. ஆராய்ச்சி நிறுவனத்தில் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, குப்பிகளை ஒரு பெட்டியில் வைத்து மடியிலேயே ஏந்தியபடி சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கினார். அய்யா தாமே கார் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். முதல் நாளே அவருடைய அசல் சான்றிதழ்களை வாங்கித் தம் அறையிலிருந்த இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கட்டுமுங்க. குவார்ட்டர்ஸ்ல கறையான் ஏறிப் போடும்" என்றார். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ராசிபுரத்தில் தறி ஓட்டும் வீட்டிலிருந்து முதலாவதாகக் கல்லூரிக்குப் போனவள் நான். என் வேதியியல் பட்டமும் அதே பீரோவில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பல வேலைகளில் இது வழக்கம். தவறென்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை.

அடுத்த ஒரு வருடம்போல என் வேலை வாழ்க்கையில் சந்தோஷமான காலம் வேறு இல்லை. அந்தக் கடலடி உயிரை மூட்டை மூட்டையாக வளர்க்க முடியாது. அது மெதுவாகப் பெருகும், கொதிக்கும் சூடு கேட்கும், நாறும். ஆகவே மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் செய்வதற்கான செய்தி அதன் மரபணுவில் எங்கே இருக்கிறதோ, அந்தத் துண்டை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் எளிதாக வளரும் சாதாரண நுண்ணுயிர் ஒன்றுக்குள் வைத்தார் மேடம். அந்தச் சாதாரண உயிர், தன்னுடையது அல்லாத அந்த நொதியைத் தன்னுடையதைப் போலவே செய்யத் தொடங்கியது. கஞ்சியை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி, ஒரு சொட்டு விடுவார். கரண்டியில் ஒட்டும் கெட்டிக் கஞ்சி சற்று நேரத்தில் தண்ணீராய் ஓடும். தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது மாயம் போல இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

தீவன மிஷினில் போட்டுப் பார்த்த நாளில் ஆலை முழுவதும் கூடிவிட்டது. நீராவியில் வெந்து அச்சிலிருந்து சூடாக விழுந்த குச்சித் தீவனத்தை அள்ளிக்கொண்டு வந்து சோதித்தோம். நொதி கொஞ்சமும் சாகவில்லை. அய்யா எங்கள் இருவருக்கும் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். அந்த வாரமே போன இடத்திலெல்லாம், திருச்செங்கோட்டில், ஓமலூரில், ஈரோட்டில், கடலுக்கடியிலிருந்து மருந்து கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார். அவருடைய குரலில் இருந்தது வியாபாரியின் பெருமை மட்டும் அல்ல. தாம் கேட்ட ஒரு கேள்வி சரியாகப் போய்விட்டதே என்று சின்னப் பிள்ளைபோல அவருக்கு ஒரு மகிழ்ச்சி.

பிறகு கோழிகள் தின்றன. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டு அறைகளாகப் பிரித்து, ஒரு பக்கம் நொதி சேர்த்த தீவனம், மறுபக்கம் சேர்க்காத தீவனம் கொடுத்து வளர்த்தோம். விற்கும் பருவத்தில் நிறுத்துப் பார்த்தால் இரண்டு அறைக் கோழிகளும் ஒரே எடை. மேடம் மறுபடியும் குஞ்சு வாங்கிச் செய்தார். மறுபடியும் அதேதான். அப்போது அவர் செய்த சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று தம்மைத்தாமே திட்டிக்கொண்டார். கஞ்சிக் குழாயைக் கொதிநீரில் வைக்காமல் கோழியின் உடற்சூட்டில், நாற்பத்தொரு டிகிரியில், வைத்தார். நொதி சொட்டியும் கஞ்சி அப்படியே நின்றது. காலையில் வைத்தது சாயங்காலம்வரை கெட்டியாகவே இருந்தது.

அய்யாவின் அறைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "அய்யா, அது சாகல. ஆனா வேலையும் செய்யல. கொதிக்கிற எடத்துல பொறந்தது. கோழி ஒடம்பு அதுக்குக் குளிருது. வெறைச்சுப் போய்க் கெடக்கு" என்றார். அய்யா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "பழகுமுங்க அம்மிணி. ஊட்டிப் புள்ளைய நம்மூருக்குக் கட்டிக் குடுத்தா மொதல்ல சிரமப்படும். அப்பறம் வெயில் பழகிருதுல்லீங்க?" என்றார். இது பழகாது, நொதி என்பது உயிர் அல்ல, அதன் வடிவமே அந்தச் சூட்டுக்கென்று அமைந்தது, அதைத் திருத்துவதற்குக் காலமும் வேறு ஆய்வகமும் வேண்டும் என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். பண்ணைக்காரர்களிடம் காட்டுவதற்கென்று அடித்து வைத்திருந்த ஒரு தாளை அய்யா மேசைமேல் நகர்த்தினார். "சூடு தாங்குதுன்னு மட்டும் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அது பொய் இல்லீங்களே?" உண்மையிலேயே அது பொய் இல்லை. அதுதான் அவரை வாட்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்று மேடம் எழுந்து வந்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் அவருடைய பழைய வழிகாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது. அதே கடலடி மலைத்தொடருக்கு ஓர் ஆராய்ச்சிக் கப்பல் மறுபடியும் போகிறது. மிதமான சூட்டில் வாழும் உயிர்கள் அதே தூண்களின் ஓரங்களில், வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் இடத்தில் கிடைக்கக்கூடும். நீராவியையும் தாங்கி, கோழி வயிற்றிலும் வேலை செய்யும் நொதி அவற்றில் இருக்கலாம். மேடத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஏறுவதற்கு முன் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று மதியம் அவர் சாப்பிடவே இல்லை. ஒரு கையால் மறுகையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் அங்க போகப் போறேன். நம்ம மருந்துக்கு வழி அங்கதான் இருக்கு" என்றார். அய்யாவிடம் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். உங்கள் கோழிக்காகவும்தான் போகிறேன் என்றார்.

அய்யா மறுக்கவில்லை. எங்கள் முதலாளி யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "போலாமுங்க, அதுக்கென்னங்க. பண்ணைக்காரங்களுக்கு மருந்தைப் பத்திச் சொல்ல மண்டபத்துல கூட்டம் ஒன்னு வெச்சிருக்கறேன். அது முடியட்டுமுங்க, நானே கார் வெச்சு அனுப்பறேன்" என்றார். கூட்டம் தள்ளிப்போனது. பீரோச் சாவி மூத்த மகனிடம் ஈரோட்டில் இருந்தது. மகன் வந்தபோது அய்யா ஊரில் இல்லை. இதற்கிடையில் அவர் வீட்டிலிருந்து மேடத்துக்குத் தினமும் தூக்குப்போசியில் சாப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்செங்கோட்டு மலைக்குக் கார் அனுப்பினார். காய்ச்சல் வந்தபோது அய்யாவின் மனைவி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். திட்டினால் திட்டலாம், கத்தினால் கத்தலாம். இப்படி அன்பாக நடத்துகிறவர்களிடம் என்ன செய்வது என்று மேடத்துக்குத் தெரியவில்லை.

ஒரு காலை என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வரலாம், கொஞ்சம் மூச்சு விடலாம் என்றுதான். நானும் வழியனுப்பக் கூடவே போனேன். சாலையின் இரு பக்கமும் மரவள்ளிக் காடு, தூரத்தில் மொட்டைக் கரடு. லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பஸ் வருவதற்கு முன் அய்யாவின் கார் வந்து நின்றது. காவலாளி போன் பண்ணியிருந்தார். டிரைவர் இறங்கிப் பணிவாகப் பையை வாங்கிக்கொண்டார். "அய்யா சொன்னாருங்க, வெயில்ல நிக்க வேண்டாமுன்னு. எங்க போறதுன்னாலும் நம்ம கார்லயே போலாமுங்க." மேடம் தூத்துக்குடி என்றார். "அவ்வளவு தூரத்துக்கு அய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்று டிரைவர் போனை எடுத்தார். மேடம் மெல்லக் காரில் ஏறி உட்கார்ந்து, "ஆலைக்கே விடுங்கண்ணே" என்றார். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

என் கணவர் ஒரு யோசனை சொன்னார். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் நகல் வாங்கிவிடலாம், பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நான் அதை மேடத்திடம் சொன்னேன். "தொலையலயே. பீரோவுல இருக்கு. நான் தெனமும் அந்தப் பீரோவத் தாண்டித்தான் போறேன்" என்றார். சூடு தாங்குகிறது என்று மட்டும் எழுதுவது பொய் அல்ல என்றால், தொலைந்துவிட்டது என்று எழுதுவதில் மட்டும் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் இரண்டையுமே எழுதவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கையெழுத்து கேட்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னார்.

கூட்டம் கடைசியில் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரிய பதாகை. ஒரு பக்கம் கடலடியில் கரும்புகை கக்கும் கல்தூண், மறுபக்கம் சிவந்த கொண்டையோடு ஒரு சேவல். சேலம், நாமக்கல் பண்ணைக்காரர்கள் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து மணம் வந்துகொண்டிருந்தது. அய்யா மேடத்தை, "நம்ம ஊட்டுப் புள்ளைங்க. கடலுக்கு அடியில இருக்கறதை நமக்காகக் கொண்டாந்திருக்குது" என்று அறிமுகம் செய்தார். நான் முன்வரிசை ஓரத்தில் இருந்தேன். மேடம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

அவர் கடலைப் பற்றித்தான் தொடங்கினார். கப்பலின் திரையில் அந்தத் தூண்களை முதன்முதலாகப் பார்த்ததைச் சொன்னார். நுண்ணுயிர்களைக் கெடுதல் என்று மட்டும் நினைக்கிறோமே, இந்தப் பூமியில் வேறு எதுவும் வாழ முடியாத இடங்களில் வாழக் கற்றுக்கொண்டவை அவை. சூட்டில், குளிரில், உப்பில், பாரத்தில் கெடாத பொருள்களைச் செய்கின்றன. மருந்துக்கும் துணிக்கும் எரிபொருளுக்கும் அவற்றிலிருந்து எத்தனையோ கிடைக்கக்கூடும், நாம் இன்னும் வாசலில்கூடக் கால் வைக்கவில்லை என்றார். கூட்டம் அசையாமல் கேட்டது. அய்யாவின் முகம் மலர்ந்திருந்தது. அப்புறம் மேடம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"இந்த மருந்து உங்க மிஷின்ல சாகாது. அது உண்மை. ஆனா கோழி வயித்துல இது வேலை செய்யாது. ரெண்டு தடவை பாத்துட்டேன். வாங்காதீங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து வயதான பண்ணைக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்க கோழிக்கு ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கய்யா."

"ஆகாதுன்னு சொல்லவாங்க சோறு போட்டுக் கூப்புட்டீங்க?" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அய்யாவும் சிரித்தார். கைகூப்பினார். எல்லோரும் சாப்பிட்டுத்தான் போகணும் என்று தாமே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பந்திக்கு அனுப்பினார். சாப்பாட்டுக் கூட்டத்தில் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மேடத்தைத் தேடி வந்தார். மரவள்ளி மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு காய்ச்சும் ஆலை வைத்திருப்பவர். "எங்க கொப்பரை நாள் பூரா கொதிக்குது மேடம். அங்க இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். மேடம் அவரைப் பார்த்த விதத்தில், கேள்வி காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நான்தான் அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அய்யா முன்னால் உட்கார்ந்திருந்தார், நாங்கள் இருவரும் பின்னால். ஆலைக்குப் போகும் வளைவில் திரும்பாமல் கார் அவருடைய பண்ணைக்குப் போனது. அய்யா இறங்கி ஒரு கொட்டகைக்குள் போய், ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எதிர்க் கொட்டகையிலிருந்து இன்னொன்றைப் பிடித்து மறு கையில் ஏந்தினார். இரண்டையும் மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"நானும் இங்க போட்டுப் பாத்தனுங்க. இதுக்கு ஒங்க மருந்து போட்டதுங்க. இதுக்குப் போடல. ரெண்டும் ஒரே கனம். அம்மிணி சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமுங்க. என்ற கோழி எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏன் அய்யா?" என்றார் மேடம்.

அய்யா கோழிகளைக் கீழே விட்டார். சட்டையில் ஒட்டிய இறகைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஊரெல்லாம் சொல்லிப் போட்டனுங்க. எறங்கற வழி தெரியலீங்க."

"எனக்கும்தான் தெரியல. என் சர்டிபிகேட்டக் குடுங்க அய்யா. நான் எறங்கிக்கிடுதேன்."

"நாளைக்குத் தாரனுங்க" என்றார். அன்று அவர் அதை மனதாரச் சொன்னார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் மறுநாள் அவர் ஆலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மேடம் அவர் வீட்டுக்கே போனார். காபி கொடுத்து உட்கார வைத்து, அய்யா ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக வீட்டம்மா சொன்னார். இருந்த ஒரு பிடிமானமும் போய்விட்டால் தம்மிடம் எதுவுமே மிஞ்சாது என்று அய்யா பயந்திருக்கலாம். உண்மை வெளியே வந்த பிறகு அவருக்கு மேடம் முன்பைவிட அதிகமாகத் தேவைப்பட்டார். கப்பல் புறப்படும் நாள் வந்தது. அன்று மேடம் வழக்கம்போலக் குப்பிகளுக்குத் தீனி மாற்றினார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்நேரம் கரை தெரியாது" என்றார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு வந்த வாரங்களில் மேடம் குப்பிகளோடு மட்டுமே இருந்தார். ஆத்தூர்க்காரரின் நம்பரை நான்தான் எடுத்து வைத்து, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். எங்காவது போனால் போதும் என்று அவர் வந்தார். அந்த ஆலையில் ஆளுயரக் கொப்பரையில் மரவள்ளி மாவு நீராவியில் கொதித்துக்கொண்டிருந்தது. களிபோல இறுகி, துடுப்பே திணறியது. வழக்கமாக அவர்கள் சேர்க்கும் நொதிக்கு முன்னும் பின்னும் வேறு சில பொருள்களைக் கொட்டிப் பதம் பார்க்க வேண்டுமாம். மேடம் அது எதுவும் இல்லாமல் எங்கள் நொதியை மட்டும் ஊற்றச் சொன்னார். நாங்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே நின்று பார்த்தோம். கொப்பரையின் நடுவில் முதலில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. துடுப்பின் சத்தம் மாறியது. பிறகு அந்த வெள்ளை மலை அப்படியே உடைந்து, பளபளவென்று தண்ணீராய்ச் சுழலத் தொடங்கியது. ஆத்தூர்க்காரர் கீழேயிருந்து, "என்ன மேடம், மோர் மாதிரி ஆயிடுச்சு!" என்று கத்தினார். மேடம் நீராவியில் முகம் நனைய நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் வழிந்தது எது என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. "அது வீட்டுக்கு வந்துட்டு" என்றார் தம் ஊர்ப் பேச்சில், அந்த நொதியைப் பற்றி.

அய்யாவுக்கு அதுவே இறங்கும் வழியாக ஆனது. கோழிக்கென்று தொடங்கியது கொப்பரைக்குப் போனது என்று அவரே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மாவு ஆலைகளிலிருந்து கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒரு காலை ஒரு அட்டைப்பெட்டியைத் தாமே சுமந்துகொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். பீரோவில் இருந்த எல்லோருடைய சான்றிதழ்களும் அதில் இருந்தன. மேடத்துடையதை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"வெச்சிருந்தா ஆளு இருக்குமுன்னு நெனச்சனுங்க. ஆளு இருந்துது. மொகத்துல சிரிப்பு இல்லீங்க. அதைப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்கலீங்க சாமி."

மேடம் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். "ஒரு கப்பல் போயிட்டே அய்யா" என்றார். அய்யா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அந்த வார இறுதியில் மேடம் கிளம்பினார். இந்த முறை பஸ்ஸில்தான் போவேன் என்றார். அய்யா நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார், பையைத் தூக்கிக்கொண்டு. பஸ் ஏறும்போது மேடம் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. என் கையை மட்டும் அழுத்தினார். எனக்கு இன்றும் அது சரியென்றும் படுகிறது, அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றும் படுகிறது.

அவருக்கு மறுபடியும் கப்பல் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. இடையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தார். கடைசியில் போனார். அந்தத் தூண்களின் ஓரத்திலிருந்து கல் எடுத்து வந்திருக்கிறார். மிதமான சூட்டிலும் விழித்திருக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது போலிருக்கிறது, இப்போதைக்கு வெளியே சொல்லாதே என்றார். அவர் விட்டுப்போன குப்பிகளுக்கு இங்கே நான்தான் தீனி மாற்றுகிறேன். ஆய்வகத்தின் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய சான்றிதழ்களை யாரும் கேட்பதில்லை.

போன மாதம் மேடம் அழைத்தார். அடுத்த பயணத்துக்கு வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டுமாம். "நீ வா. இத்தன வருஷம் அதுக்குச் சோறு போட்டிருக்க. அது பொறந்த எடத்தப் பாக்க வேண்டாமா?" என்றார். என் கணவரிடம் சொன்னேன். போய்விட்டு வா, பையனை அம்மா பார்த்துக்கொள்வார் என்று சாதாரணமாகச் சொன்னார். அய்யாவிடம் மட்டும் சொல்லாமல் சில வாரங்கள் கடத்தினேன். அவர் விடமாட்டார் என்று மேடத்திடம் போனில் சொன்னேன். என் குப்பிகளை யார் பார்ப்பது, ஆத்தூர் ஆர்டர் என்னாவது என்றெல்லாம் அவர் கேட்கப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

நேற்று அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அய்யாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்குங்க?"

"ரெண்டு மாசம் ஆகுமுங்க அய்யா."

"போயிட்டு வாங்க சாமி" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையிலிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினார். அவர் ஏதாவது சேர்த்துச் சொல்வார் என்று நான் அங்கேயே நின்றேன். வெளியே லாரி ஒன்று பின்னால் வந்து மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. அவர் மறுப்பார், நான் போகாமல் இருந்துவிடலாம் என்று நம்பித்தான் நான் கேட்க வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.